எண்ணாமல் விட்ட மீன்

ஸ்காபரோ
14.09.1997

எடி கிளடிஸ்,

உன்ரை வீட்டிலை தேத்தண்ணித் தட்டம் தூக்கின மனுசி எழுதுறன். சுகமா இருக்கிறியா? நான் நல்ல சுகம். முழங்கால் மட்டும் என்னோடை கோவிச்சுக்கொண்டு தனியா நடக்குது.

ரெலிபோன் எடுக்காட்டி நான் வீட்டிலை இல்லையெண்டு நினைக்காதை. நாலு கிழமையா நீ அடிக்கிற ஒவ்வொரு முறையும் பக்கத்திலை இருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். எடுத்தனெண்டா ஏதாவது பகிடி விட்டு உன்னைச் சிரிக்க வைச்சிடுவன். நீயும் "அக்காவுக்கு ஒண்டும் இல்லை" எண்டு நிம்மதியாப் போய்ச் சோறு காய்ச்சுவாய். அந்த நிம்மதியை இந்த முறை தாறதா இல்லை. அதுதான் கடிதம். மூண்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளின்ரை எழுத்து. பிழையளைச் சிவப்புப் பேனையாலை வட்டம் போட்டு வை. ஊரிலை ரீச்சரா இருந்தவளுக்குக் கை அரிக்குமெல்லே.

எனக்கு வேலை மாறீட்டுது. நான் கூட்டித் துடைக்கிற கந்தோர் இருக்கெல்லே, ஆறுகளையும் பற்றையளையும் பாதுகாக்கிற அரசாங்கக் கந்தோர்? அங்கை சுவரிலை ஒரு படம். ஒரு பெடியன் பெரிய சல்மன் மீனை வாலிலை பிடிச்சுத் தூக்கிக்கொண்டு பல்லைக் காட்டுறான். நான் தும்புத்தடியோடை நிண்டு, "உப்பிடித் தூக்கினா மீன்ரை முள்ளு விலகிப்போம், வயித்துக்குக் கீழை கை குடுக்கவேணும்" எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை படத்துக்குச் சொன்னன். பின்னாலை நிண்டது அங்கத்தைப் பெரியவ, மார்கரெற். "உனக்கு மீனைத் தெரியுமோ?" எண்டு கேட்டா. "மீனுக்கு என்னைத் தெரியும்" எண்டன். கார்த்திகை நடு வரைக்கும் ஆத்துக்குள்ளை நடந்து மீன் எண்ணுற வேலை தந்திட்டா.

இந்த மாதங்களிலை ஏரியிலை இருக்கிற சல்மன் எல்லாம் முட்டை போட ஆறுகளுக்குள்ளை ஏறி வரும். ஏறினாப் பிறகு தீன் இல்லை. முட்டையைப் போட்டிட்டு அங்கையே செத்துப்போம். எத்தினை வந்தது, எத்தினை கூடு கட்டினது, எத்தினை செத்தது எண்டு பாக்கிறதுதான் வேலை. நெஞ்சுமட்டும் ஏறுற றப்பர் காற்சட்டை போட்டுக்கொண்டு நான் இந்தக் கரையாலை, பார்பரா எண்ட வெள்ளைப் பெட்டை மற்றக் கரையாலை. கையிலை ஒரு சின்ன எண்ணுற மெசின். உயிர் மீன் ஒண்டைக் கண்டா ஒரு அமத்தல். செத்ததைக் கண்டா நீளம் அளந்து, நாலு செதில் பிடுங்கிப் பைக்குள்ளை போட்டு, வாலை வெட்டி, திருப்பி ஆத்துக்குள்ளை விடவேணும். வால் இல்லாட்டி எண்ணியாச்சு எண்டு அர்த்தம். ஒரு முழு மீனைத் தண்ணிக்குள்ளை திருப்பி எறியிறது, கிளடிஸ்! முதல் நாள் என்ரை கை மாட்டனெண்டு நிண்டுது.

இந்த மீன் இந்த ஊர் மீனே இல்லையாம். மேற்குச் சமுத்திரத்திலையிருந்து கொண்டுவந்து விட்டதாம். "இஞ்சை இருக்கிறதுக்குக் காட் குடுத்திட்டீங்களோ?" எண்டு பார்பராவைக் கேட்டன். அவளுக்கு விளங்கேல்லை.

சரி, விசயத்துக்கு வாறன். போன மாதம், ஆவணி பதினேழு. மாப்பிள்ளை மரியோவும் தாயும் உன்ரை வீட்டை வந்த அண்டைக்கு நான் குசினிக்கையிருந்து வெளியிலை வந்தன். அந்தத் தாய், அன்ரனெற் அம்மா, "இவ ஆர்?" எண்டா. நீ என்னைப் பாத்தாய். வடிவாப் பாத்திட்டு, "தெரிஞ்ச மனுசி, உதவிக்குக் கூப்பிட்டனான்" எண்டாய். உன்ரை பெட்டை ஸ்டெபனியைப் பத்து வயசுமட்டும் கழுவித் துடைச்சு வளத்த பெரியம்மா, உதவிக்கு வந்த மனுசி. நானும் விட்டனா? "மிஸிஸ், சீனி எத்தினை கரண்டி?" எண்டு உன்னையே கேட்டன். பெட்டை குசினிக்குள்ளை வந்து அழுதது. நான் சிரிச்சன்.

ஏன் அப்பிடிச் சொன்னனீ? ஒரு வரி எழுது. கனக்க வேண்டாம்.

உன்ரை அக்கா, அல்லது தெரிஞ்ச மனுசி,
வேரோனிக்கா


மிசிசாகா
20.09.1997

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வரி போதும் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன்.

நான் சொன்னது பிழை. ஆனால் அது அந்த நிமிடத்தில் வாய் தவறி வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்கு முதலே ஒன்று சொல்லி வைத்திருந்தேன். எங்கள் அப்பு மீன்பிடித் திணைக்களத்தில் கிளாக்கராக இருந்தவர் என்று மரியோவின் தாயிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் கொழும்பில் இருந்தவர்கள், பாங்க் மனேச்சர் குடும்பம். அப்பு பாசையூர்க் கரையில் நின்று மீனை ஏலம் கூறி விற்றவர் என்றும், என் அக்கா ஓலைக் கடகத்தில் மீன் சுமந்து என்னைப் படிப்பித்தவ என்றும் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் வாய் திறந்தால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் வெளியில் வந்துவிடும். மீனைப் பற்றிக் கதைக்காமல் நீங்கள் இருந்த நாள் ஒன்று உண்டா?

உங்களுக்கு எல்லாமே பகிடி. ஸ்டெபனியின் அப்பா செத்த பிறகு இந்த நாட்டில் ஒரு பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் பயப்படாத நாள் இல்லை. நீங்கள் வளர்த்தீர்கள்தான். மறக்கவில்லை. ஆனால் இரண்டு வேலை செய்து அவளைக் காணாமல் இருந்தவள் நான். அவள் மரியோவை மனதார விரும்புகிறாள். யாராவது ஒரு கேள்வி கேட்டு இது நின்றுவிடுமோ என்று...

இப்போது ஆற்றில் இறங்கிச் செத்த மீனின் வால் வெட்டுகிறேன் என்று எழுதுகிறீர்கள். அதுவும் ஸ்காபரோவில், மரியோவின் ஆட்கள் இருக்கிற அஜின்கோர்ட்டுக்குப் பக்கத்தில். உண்மையாகக் கேட்கிறேன் அக்கா. என்னைப் பழிவாங்கத்தானா இந்த வேலை?

கிளடிஸ்


ஸ்காபரோ
28.09.1997

எடி விசரி,

மீன் எண்ணிப் பழிவாங்கின முதல் ஆள் நானாத்தான் இருப்பன். பழிவாங்குறதெண்டா நெத்தலிக் கருவாட்டை உன்ரை கந்தோருக்குப் பார்சலிலை அனுப்பியிருப்பனே.

அப்பு கிளாக்கரோ? பேனையைப் பிடிக்கத் தெரியாத மனுசனுக்கு மேசையும் கதிரையும் குடுத்திட்டாய். மேலை இருந்து பாத்து, "தலைக்கு மேலை ஒரு காத்தாடியும் கேட்டு வாங்கு பிள்ளை" எண்டு சொல்லுவார்.

எனக்கு இஞ்சை ஒரு கரைச்சல். ரெண்டு பேரும் அதே மீன்களைத்தான் தனித்தனிய எண்ணுறம், ஆனா என்ரை கணக்கும் பார்பராவின்ரை கணக்கும் ஒத்துவருதில்லை. நடந்து முடிய ரெண்டு பேரும் மெசினைக் காட்டவேணும். செவ்வாய்க்கிழமை அவள் 258, நான் 246. வியாழக்கிழமை அவள் 317, நான் 302. அஞ்சாறு வித்தியாசம் வாறது வழமையாம், மீன் ஓடித் திரியுந்தானே. ஆனா நான் ஒரு நாளும் கூட எண்ணுறேல்லை, எப்பவும் குறைவு. மார்கரெற் என்னைக் கண் டொக்டரிட்டை அனுப்பினா. இந்த வயசிலை இவ்வளவு நல்ல கண்ணைத் தான் கண்டதில்லை எண்டு அந்தாள் சொல்லிப்போட்டார். பேந்தும் குறையுது. வாற கிழமையும் சரிவராட்டி என்னைக் கரையிலை இருத்தி எழுத்து வேலை தருவாவாம். எழுத்து வேலை, எனக்கு! அப்புவுக்கு நீ குடுத்த கதிரை எனக்கு வந்து சேரப்போகுது.

தண்ணியை விட்டு ஏற மனமில்லையடி. நேற்று ஒரு பெட்டை மீன் கூடு கிண்டுறதைப் பாத்துக்கொண்டு நிண்டன். பக்கவாட்டிலை சரிஞ்சு வாலாலை கல்லை அடிச்சு அடிச்சு ஒதுக்குது. மற்ற இடமெல்லாம் பாசி பிடிச்ச கறுப்புக் கல், அந்த இடம் மட்டும் கழுவின மாதிரி வெளிச்சுக் கிடக்கும். அதைப் பாத்துத்தான் கூட்டைக் கண்டுபிடிக்கிறது. முட்டை போட்டாப் பிறகும் போகாது. வால் தேஞ்சு எலும்பு தெரியுது, மேல் முழுக்க வெள்ளைப் பூஞ்சணம், கிட்ட வாற மீனுக்கெல்லாம் பாஞ்சு விழுது. எனக்கும் பாஞ்சது. "நான் உன்ரை ஆள்தான், உதவிக்கு வந்த மனுசி" எண்டன். கேக்கேல்லை.

உன்ரை நினைப்பு வந்தது. கோவத்தோடைதான் வந்தது, ஆனா வந்தது.

பயத்தைச் சொன்னாய். பயம் எனக்கு விளங்கும். ஆனா இனி என்ன செய்யப்போறாய் எண்டு நீ எழுதேல்லை.

அக்கா


மிசிசாகா
02.10.1997

அன்புள்ள அக்காவுக்கு,

அழைப்பிதழ் இத்துடன் இருக்கிறது. இந்த மாதம், ஐப்பசி இருபத்தைந்து, சனிக்கிழமை. நீங்கள் கட்டாயம் வரவேண்டும். நீங்கள் இல்லாமல் நான் எப்படி...

உங்களுக்கு மேசை பத்தொன்பதில் இடம் வைத்திருக்கிறேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் இருக்கிற மேசை. நல்லவர்கள், ஒன்றும் கேட்க மாட்டார்கள். சேலை நான் எடுத்துத் தருகிறேன், மிகத் திறமானதாக. மற்றவர்கள் போன பிறகு ஸ்டெபனியோடு உங்களை நிறுத்தித் தனியாக ஒரு படம் எடுக்கச் சொல்லிப் படக்காரரிடம் பேசிவிட்டேன்.

ஒரு வருடம் போகட்டும். பிறகு நானே அவர்களுக்கு எல்லாம் சொல்வேன். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்காக இல்லாவிட்டாலும் பிள்ளைக்காக.

கிளடிஸ்


ஸ்காபரோ
06.10.1997

கிளடிஸ்,

இதை இருந்து வாசி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மோர்னிங்சைட் பார்க்கிலை சனம் மீன் பாக்க வந்து நிறைஞ்சுபோச்சு. பிள்ளையளைத் தோளிலை ஏத்திக்கொண்டு நிக்குதுகள். நான் தண்ணிக்குள்ளை அமத்திக்கொண்டு போறன். வாய்விட்டுத் தமிழிலைதானே எண்ணுறனான். கரையிலையிருந்து ஒரு குரல்: "என்ன தங்கச்சி, அந்தோனியாரை ஏன் ஆத்துக்குள்ளை கூப்பிடுறீர்?"

நிமிந்து பாத்தா மாப்பிள்ளையின்ரை தாய். தனிய நிக்கிறா.

"நீர் கிளடிஸ் வீட்டிலை தேத்தண்ணி தந்தனீர் எல்லே?"

"ஓம் அம்மா."

"இருபது எண்டீர், பேந்து அந்தோனியாருக்கு எண்டீர், திருப்பி ஒண்டிலை தொடங்கினீர். அது என்ன?"

அப்பதான் எனக்கே தெரியும், நான் அப்பிடிச் சொல்லுறனான் எண்டு. அப்பு மீன் எண்ணுற முறை அதெல்லே? இருபது முடிய ஒரு மீனை அந்தோனியார் கோவிலுக்கெண்டு பக்கத்திலை எடுத்து வைப்பார். சின்னனிலையிருந்து அவரோடை எண்ணின கை. அதைத்தான் அவவுக்குச் சொன்னன்.

"அப்ப அந்த மீன் கணக்கிலை வராதோ?" எண்டு கேட்டா.

"கணக்கிலை வராது அம்மா, அது அந்தோனியாரின்ரை" எண்டு சொன்னன். சொல்லிப்போட்டு வாயைத் திறந்தபடி நிண்டன். இருபதுக்கு ஒண்டு! அந்த மீனுக்கு நான் மெசினை அமத்துறேல்லை. கண்ணிலை பிழையில்லை, விரலிலைதான். ஒரு மாதமா கனடாக்காரன்ரை ஆத்திலை அந்தோனியாருக்குப் பங்கு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறன்! மார்கரெற்றுக்கு இண்டைக்குச் சொன்னன். சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. என்ரை பழைய கணக்கெல்லாம் அப்பிடியே திருத்தலாமாம். வேலை தப்பீட்டுது.

நீயும் சிரிச்சு முடி, பேந்து மிச்சத்தை வாசி.

அந்தோனியாருக்கு எடுக்கிற மீன் திறமான மீனாத்தான் இருக்கும். கழுவி, மரியாதையா, தனிய வைப்பம். ஆனா கணக்கிலை இல்லை. உன்ரை மேசை பத்தொன்பது, திறமான சேலை, எல்லாரும் போன பிறகு ஒரு படம். விளங்குதோ?

அன்ரனெற் அம்மா போகேல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டா, "உமக்கு அவையைக் கனகாலமாத் தெரியுமோ? கலியாணம் எண்டா நாலு இடத்திலை விசாரிக்கத்தானே வேணும். இஞ்சை ஆரைக் கேக்கிறது? பொம்பிளை எப்பிடி?"

"தங்கம்" எண்டன்.

"தாய்?"

"உழைப்பாளி. பயம்தான் கொஞ்சம் கூட."

"அவவுக்குச் சகோதரங்கள் ஒருத்தரும் இல்லையோ?"

தண்ணி ஐசா ஓடுது. பார்பரா மற்றக் கரையிலையிருந்து என்னைக் கூப்பிடுறாள். நான் சொன்னன், "எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் இல்லை."

ஒரு பகிடியும் வரேல்லையடி. அண்டைக்குத் தட்டம் தூக்கினது உனக்குக் குத்திக்காட்ட. இது அப்பிடியில்லை. உன்னைக் காப்பாத்த என்ரை வாயாலையே என்னை இல்லையெண்டு சொன்னன். அவ "நன்றி தங்கச்சி" எண்டு சொல்லிப்போட்டுப் போனா.

மேசை பத்தொன்பதிலை வேறை ஆரையாவது இருத்து. நான் வரேல்லை.

வேரோனிக்கா


மிசிசாகா
11.10.1997

அக்கா,

நேற்று வேலை முடிய அஜின்கோர்ட்டுக்குப் போனேன். ஸ்டெபனிக்குச் சொல்லவில்லை. காருக்குள் கனநேரம் இருந்துவிட்டுத்தான் கதவைத் தட்டினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பு கிளாக்கர் இல்லை என்று. உங்களைப் பற்றி. தட்டம் தூக்கினது என் கூடப் பிறந்த அக்கா என்று.

பிறகு அன்ரனெற் அம்மா சொன்னா: "மீன் வித்தால் என்ன, வேறை என்ன வித்தால் எனக்கென்ன? அக்கா இல்லையென்று அந்த அக்காவே எனக்குச் சொல்லுகிறா. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் என்னை ஏமாத்தினீர்கள். கூடப் பிறந்தவளையே மறைக்கிற வீட்டில் இன்னும் என்ன மறைந்திருக்கிறதோ, எனக்கு எப்படித் தெரியும்?"

நான் பயந்த கேள்வியை யாரும் கேட்கவில்லை அக்கா. நான் நினைத்தும் பார்க்காத கேள்வியைத்தான் கேட்டார்கள்.

மண்டபத்துக்கு மிச்சக் காசைக் கட்ட வேண்டாம், ஒரு கிழமை பொறுங்கள் என்றா. வீட்டுக்கு வந்து ஸ்டெபனிக்குச் சொன்னேன். அவள் கத்தவில்லை. "நானும்தானே அம்மா அண்டைக்கு வாய் திறக்கேல்லை" என்றாள். அது கத்தினதைவிட மோசமாக இருந்தது.

அன்ரனெற் அம்மா உங்களைக் காணவேண்டுமாம். உங்களை மட்டும். புதன்கிழமை ஆற்றுக்கு வருவா. என்ன கேட்பாவோ தெரியாது.

அக்கா, இந்த முறை எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்.

கிளடிஸ்


ஸ்காபரோ
16.10.1997

கிளடிஸ்,

அன்ரனெற் அம்மா வந்தவ. மழை. குடை பிடிச்சுக்கொண்டு, நல்ல சப்பாத்தோடை சேத்துக்குள்ளை நிண்டா. நான் செத்த மீன் ஒண்டுக்குச் செதில் பிடுங்கிக்கொண்டிருந்தன். கையைக் கழுவப் போனன், "உங்கடை வேலையைச் செய்யுங்கோ" எண்டா. முந்தி "நீர்", இப்ப "நீங்கள்". கோவத்திலை மரியாதை கூடும் எண்டு எனக்குத் தெரியுந்தானே.

"உங்கடை தங்கச்சி சொன்ன பொய்யை விடுங்கோ. அது பெத்தவளின்ரை பயம். நான் உங்களை நம்பித்தான் விசாரிச்சனான். என்ரை முகத்தைப் பாத்து இல்லையெண்டு சொன்னனீங்கள்."

ஓம் எண்டன். பகிடி ஒண்டு தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினன்.

பேந்து உன்னட்டைச் சொல்லாததையும் சொன்னன். இதை உனக்கும் எழுதத்தான் வேணும். அண்டைக்கு நீ "தெரிஞ்ச மனுசி" எண்டு சொல்லேக்கை, "போடி, நான் இவளின்ரை தமக்கை" எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லியிருக்கலாம். ஒரு நிமிசத்திலை முடிஞ்சிருக்கும். நீயும் முழிசியிருப்பாய், அவையும் சிரிச்சிருப்பினம். நான் சொல்லேல்லை. தட்டத்தைத் தூக்கினன். நீ கூனிக் குறுகிறதைப் பாக்க எனக்கு விருப்பமா இருந்தது. பெட்டை அழேக்கையும் விடேல்லை. இந்த ரெண்டு மாதமும் நான் பாவம் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சன். முழுக்கப் பாவம் இல்லை.

அவ கூட்டைக் காத்துக்கொண்டு நிண்ட ஒரு மீனைப் பாத்துக்கொண்டு நிண்டா. "உது இன்னும் எத்தினை நாளைக்கு இருக்கும்?" எண்டு கேட்டா. "ரெண்டு மூண்டு" எண்டன்.

"மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதேங்கோ. ஆனா இது என்ரை கலியாணம் இல்லை, நிப்பாட்டுறதுக்கு. பிள்ளையள் செய்யட்டும்" எண்டா. போகேக்கை திரும்பி, "எங்கடை ஆக்கள் கேட்டா உங்களை ஆரெண்டு சொல்லுறது?" எண்டு கேட்டா.

"பொம்பிளையின்ரை பெரியம்மா எண்டு சொல்லுங்கோ."

"என்ன செய்யிறவ எண்டு கேட்டா?"

"மீன் எண்ணுறவ எண்டு சொல்லுங்கோ."

சிரிச்ச மாதிரி இருந்தது. குடை மறைச்சுப்போட்டுது, வடிவாத் தெரியேல்லை.

ஆகக் கலியாணம் நடக்கும். மண்டபத்துக்குச் சொல்லு. நான் எங்கை இருக்கிறதெண்டு நீ யோசி, நான் கேக்க மாட்டன்.

ஆனா உனக்கும் எனக்கும் இன்னும் முடியேல்லை. எனக்குக் கோவம் மிச்சம் இருக்கு. உனக்கும் இருக்கும், இல்லாட்டி நீ என்ரை தங்கச்சி இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய ஏழு மணிக்குப் பார்க்குக்கு வா. பார்பராவுக்குக் கால் சுளுக்கு. மற்றக் கரைக்கு ஒரு ஆள் வேணும். சொந்தக்காரரைக் கூட்டிவரலாம் எண்டு மார்கரெற் சொன்னா. "தங்கச்சி வருவாள்" எண்டு சொல்லிப்போட்டன். அதைச் சொல்ல எனக்கு ஒரு கஸ்ரமும் இருக்கேல்லை.

உன்ரை அளவுக்கு றப்பர் காற்சட்டை எடுத்து வைச்சிருக்கிறன், கொஞ்சம் இறுக்கும். நீ அந்தக் கரை, நான் இந்தக் கரை. ரெண்டு மணித்தியாலம் கதைக்கத் தேவையில்லை. தண்ணி இரைச்சலிலை கதைச்சாலும் கேக்காது. கடைசியிலை எத்தினை கண்டனீ எண்டு மட்டும் சொன்னாக் காணும்.

வழுக்கி விழுந்தா ஓடி வருவன் எண்டு நினைக்காதை. சிரிச்சு முடிச்சிட்டுத்தான் தூக்குவன்.

அக்கா